இரும்போடு குடித்தனம் நடத்தப் போகிற தங்கச்சிக்கு

மெட்டலர்ஜி சேரப் போகிறேன் என்று சொன்னதும் உன் மாமா என்ன கேட்டார்? "அப்படின்னா இந்த வருஷம் மழை எப்படிம்மா?" என்றுதானே? எனக்கும் அதே கேள்விதான் வந்தது. அது வானிலை மாமா, இது உலோகம் என்று விளக்கிக்கொண்டு நிற்காதே. "நல்லா பெய்யும் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போ. உனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஃபவுண்டரி, ஹீட் ட்ரீட்மென்ட், டெஸ்டிங் லேப் என்று மூன்று இடத்திலும் குப்பை கொட்டியவள் நான். கையில் இரண்டு தழும்பு, ஒரு எரிந்த துப்பட்டா, ரிஜக்ஷன் ரிப்போர்ட் கணக்கே இல்லை. உனக்கு நேரம் இல்லை என்று தெரியும். அதனால் நெஞ்சில் நிற்கிறதை மட்டும் சொல்கிறேன். கேட்டுக்கோ.

சேருவதற்கு முன்

1. பெயரைப் பார்த்து மயங்காதே. மெட்டலர்ஜிக்கல் இன்ஜினியரிங், மெட்டலர்ஜிக்கல் அண்ட் மெட்டீரியல்ஸ், மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்று பலகையில் பெயர் மாறும். அடிப்படைப் பாடம் பெரிதாக மாறாது. மெட்டீரியல்ஸ் பக்கம் சாய்ந்தால் பிளாஸ்டிக், பீங்கான் சமாச்சாரம் கொஞ்சம் கூடும். நம் பக்கத்தில் கோவை பி.எஸ்.ஜி. டெக், சேலம் அரசு பொறியியல் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றில் இந்தப் படிப்பு உண்டு. முதல் இரண்டுக்கு மாநிலக் கவுன்சிலிங், அடுத்த இரண்டுக்கு ஜே.இ.இ.

2. கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதே, லேப்பைப் பார். சேருவதற்கு முன் ஒரு நாள் நேரில் போ. மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டு அதன்மேல் தூசி படிந்திருக்கிறதா? ஃபர்னஸ் கதவில் சிலந்தி வலையா? பாலிஷிங் வீலின் துணியைத் தொட்டுப் பார். ஈரமாக இருந்தால் காலையில் யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துணியே இல்லையென்றால் யோசி.

3. "கம்ப்யூட்டர் கிடைக்கல, அதான் இது" என்று நான்கு வருஷமும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்காதே. கிடைத்துவிட்டது, கழுத்தில் ஏறிவிட்டது. முதல் செமஸ்டர் முடிவதற்குள் அழுகையை முடித்துக்கொள். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் உன் பெயர் தெரிந்து கூப்பிடுவார். அது ஒரு வசதி. கேம்பஸுக்கு வருகிற உலோகக் கம்பெனிகளும் குறைவு. அது ஒரு கஷ்டம். இரண்டையும் தெரிந்துகொண்டே உள்ளே வா.

4. அரசாங்க வேலை ஆசை இருந்தால் இதை முதலிலேயே காதில் போட்டுக்கொள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினியரிங் சர்வீஸ் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று நான்கே பிரிவு. நமக்குத் தனித் தாள் கிடையாது. இது தெரியாமல் மூன்றாம் வருஷம் வரை அந்தக் கோச்சிங்குக்குப் பணம் கட்டிய பிள்ளையை எனக்குத் தெரியும். நம் வழி கேட் தேர்வு. அதில் நமக்கென்று தனித் தாள் இருக்கிறது. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க், அதில் 15 பொது அறிவுத்திறன். அந்த 15-ஐயும் கணக்கையும் அலட்சியம் பண்ணுகிறவர்கள்தான் அதிகம். இரும்பு முழுக்கப் படித்துவிட்டு கூட்டல் கழித்தலில் கோட்டை விடுவார்கள். ஒரு தரம் எழுதினால் மார்க் மூன்று வருஷம் செல்லும். எண்ணாகப் பதில் எழுதும் கேள்விக்கு நெகடிவ் மார்க் இல்லை, அதை வெறுமையாக விட்டுவிட்டு வராதே.

படிக்கும் நான்கு வருஷம்

5. இரும்பு-கார்பன் படத்தைக் கையால் வரை. போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு படித்துவிட்டதாக நினைக்காதே. காலையில் பல் தேய்த்ததும் ஒரு தாளில் வரை, கிழித்துப் போடு. ஒரு மாதம் போதும். சுத்த இரும்பு உருகுவது 1538 டிகிரி. 0.8 சதம் கார்பனில் யூடெக்டாய்டு 727 டிகிரி, 4.3 சதம் கார்பனில் யூடெக்டிக் 1147 டிகிரி. பழைய புத்தகத்தில் 723 என்று இருந்தால் பயப்படாதே, அதே கோடுதான். சுமார் 2.1 சதத்துக்கு இந்தப் பக்கம் ஸ்டீல், அந்தப் பக்கம் வார்ப்பிரும்பு. எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் வெள்ளைத் தாளை நீட்டி முதலில் கேட்பது இதைத்தான். அங்கே கை நடுங்கினால் அடுத்த கேள்விக்கு அவர்கள் மனசே வராது.

6. சாம்பிள் பாலிஷில் குறுக்கு வழி தேடாதே. இதில் மட்டும் நான் கண்டிப்பு. எல்லாப் பிள்ளைகளும் செய்கிற ஒரே தப்பு, 220 நம்பர் எமரியில் இரண்டு தேய், நேராக 1000-க்குத் தாவு, அப்புறம் வெல்வெட் துணியில் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நில். கண்ணாடி மாதிரி மின்னும். அமிலத்தில் எட்ச் பண்ணிய மறு நிமிஷம், அடியில் ஒளிந்திருந்த கோடெல்லாம் பல்லிளிக்கும்.

ஒழுங்கான வழி இது. ஒரு பேப்பரில் ஒரே திசையில் தேய். அடுத்த பேப்பருக்குப் போகும்போது சாம்பிளைக் கால் வட்டம் திருப்பு. பழைய கோடு குறுக்கே கிடக்கும். அது முழுக்க மறையும் வரை தேய், பிறகு அதே மாதிரி இன்னும் கொஞ்சம் தேய். ஒவ்வொரு பேப்பருக்கும் நடுவில் சாம்பிளையும் கையையும் கழுவு. நகத்துக்குள் ஒட்டிய ஒரு துளி கரடுமுரடு மணல் போதும், கடைசி துணியில் கோடு போட்டுவிடும். அழுத்தாதே. தோசைக்கு எண்ணெய் தடவுகிற கைதான் வேண்டும், சப்பாத்தி மாவு பிசைகிற கை வேண்டாம். இப்படிச் செய்தால் 20 நிமிஷம். குறுக்கு வழியில் போய்த் திரும்பி வந்தால் ஒன்றரை மணி நேரம்.

7. நைட்டல் கலக்கும்போது விளையாட்டு வேண்டாம். எத்தனாலில் 2 சதம் நைட்ரிக் அமிலம், இவ்வளவுதான் வேண்டும். ஆல்கஹாலை முதலில் ஊற்று, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அதில் சேர். மாற்றிச் செய்யாதே. "சீக்கிரம் எட்ச் ஆகட்டும்" என்று அமிலத்தைக் கூட்டி, பாட்டிலை இறுக்கி மூடி அலமாரியில் வைக்கிற புத்திசாலிகள் ஒவ்வொரு லேபிலும் உண்டு. அமிலம் கூடிய நைட்டல் உள்ளுக்குள் வாயுவைக் கக்கும், பாட்டில் வெடிக்கும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலக்கு. எட்ச் ஆனதா என்று தெரிய ஒரே அடையாளம், மின்னும் முகம் லேசாக மங்கும். மங்கியதும் தண்ணீரில் காட்டு, ஆல்கஹால் ஊற்று, டிரையர் பிடி. கறுத்துப் போனால் தீய்ந்த ரசம்தான், மறுபடி பாலிஷ்.

8. லீவில் ஃபவுண்டரிக்குப் போ. ஆன்லைன் சர்டிஃபிகேட் பத்து சேர்த்து வைத்திருக்கிறேன் என்று என்னிடம் காட்டாதே. கோவை, ஓசூர், அம்பத்தூர் என்று எங்கே பார்த்தாலும் வார்ப்பும் ஹீட் ட்ரீட்மென்ட்டும் நடக்கிறது. பெரிய கம்பெனிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதே. பெரிய இடத்தில் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். சின்ன பட்டறையில் மணல் அள்ளச் சொல்வார்கள். மணல் அள்ளு. பிடித்த மணலைக் கைக்குள் உருட்டி உடைத்துப் பார்த்து, ஈரம் கூடவா குறைவா என்று சொல்கிற ஆளுக்குப் பக்கத்தில் 15 நாள் நின்றால், புத்தகத்தில் இருக்கும் மணல் அத்தியாயம் தானாக மண்டையில் ஏறும்.

9. பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொள். வேலை மாறுவதற்கு இல்லை, நூறு ஹீட்டின், அதாவது நூறு தரம் உருக்கிய உலோகத்தின், ரிசல்ட்டை ஐந்து நிமிஷத்தில் வரைந்து பார்ப்பதற்கு. அவ்வளவு போதும்.

முதல் வேலை, முதல் வருஷம்

10. உடுப்பு. காட்டன் மட்டும். பாலியஸ்டர் சட்டை, நைலான் துப்பட்டா, பளபளக்கும் லெக்கிங்ஸ் எதுவும் ஃபர்னஸ் பக்கம் வேண்டாம். தீப்பொறி பட்டால் பருத்தி பெரும்பாலும் ஓட்டை விழுவதோடு சரி. செயற்கை நூல் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தம்பிகளுக்கும் இதே சட்டம்தான், ஜெர்சி டிஷர்ட் போட்டுக்கொண்டு வராதே. பேன்ட்டின் நுனியை ஷூவுக்குள் சொருகாதே, ஷூவின் மேல் விடு. உள்ளே சொருகினால் தெறிக்கிற உலோகம் வழிந்து நேராகப் பாதத்துக்குப் போகும். கயிறு கட்டுகிற ஷூவும் வேண்டாம், உதறினால் கழன்று விழுகிற மாதிரி வாங்கு. முடியைக் கட்டு, மோதிரத்தைக் கழற்று.

11. ஈர ஸ்கிராப் எமன். ஃபவுண்டரியில் நீ கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைச் சொல்வேன். உருகிய இரும்பு மேலே தண்ணீர் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சீறும். இரும்புக்கு அடியில் தண்ணீர் மாட்டினால்தான் ஆபத்து. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். போவதற்கு வழி இல்லையென்றால் மேலே கிடக்கிற உலோகத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு வரும்.

மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடந்த ஸ்கிராப்பை அப்படியே ஃபர்னஸில் போட விடாதே. இரண்டு பக்கமும் மூடிய பைப், ஷாக் அப்சார்பர், மூடி கழற்றாத டப்பா எதுவும் உள்ளே போகக் கூடாது. லேடிலை நன்றாகச் சூடேற்றாமல் உலோகம் பிடிக்கக் கூடாது. "தினமும் இப்படித்தானேம்மா போடறோம்" என்பார்கள். தினமும் போடுகிறார்கள், ஒரு நாள் வெடிக்கிறது. நீ புதுசு, வயசில் சின்னவள், பெண் பிள்ளை, சொன்னால் கேட்பார்களா என்று தயங்குவாய். தயங்காதே. இதில் மட்டும் சத்தம் போடு. சிரித்தால் சிரிக்கட்டும்.

12. மற்ற விஷயத்தில் வாயைக் குறைத்துக் காதைத் திற. ஃபர்னஸ் ஆளும் மோல்டிங் மேஸ்திரியும் உன்னைவிடப் படிப்பில் குறைவாக இருக்கலாம், உலோகத்தோடு பழகியதில் உன் அப்பாவுக்குச் சமம். அண்ணா என்று கூப்பிடு. "ஏன்ணா இப்படிப் பண்றீங்க?" என்று கேள். "அது தப்புண்ணா, புக்குல இப்படித்தான் இருக்கு" என்று முதல் மாதம் சொல்லிவிடாதே, இரண்டாம் மாதம் உனக்கு உண்மையைச் சொல்ல ஆளிருக்காது.

13. எஸ்.ஜி. அயர்ன், அதாவது உருண்டை கிராஃபைட் வார்ப்பிரும்பு, ஊற்றும் இடத்தில் வேலையென்றால் கையில் வாட்ச் கட்டு. மெக்னீசியம் சேர்த்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள். பத்து நிமிஷத்துக்குள் ஊற்றி முடி. நேரம் ஆக ஆக மெக்னீசியம் ஆவியாகவும் கசடாகவும் போய்விடும், உருண்டையாக வர வேண்டிய கிராஃபைட் புழு மாதிரி நெளியும், பிறகு செதிலாகும். கடைசி மோல்டு வரைக்கும் போகாது என்று தெரிந்தால் மிச்சத்தைத் திருப்பி ஊற்று. வீணாகிறதே என்று வயிறு எரியும். 500/7 கிரேடு கேட்டவருக்கு அந்த 7 சதம் நீட்சி இல்லாத வார்ப்பை அனுப்பினால், வண்டி திரும்பி வரும்போது இன்னும் எரியும். டெஸ்ட் பாரை முதல் மோல்டோடு ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்காதே, கடைசி உலோகத்திலும் ஒரு சின்ன சாம்பிள் எடு.

14. பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போடாதே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஹீட் ட்ரீட்மென்ட்டில் சேர்ந்து எட்டு மாதம். ஈ.என். 8 ரக ஸ்டீல் ஷாஃப்ட் 40 வந்திருந்தது. கூடவே சப்ளையர் கொடுத்த டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் (டி.சி.) இருந்தது. கார்பன், மாங்கனீசு எல்லாம் அச்சடித்தாற்போல் சரியாக இருந்தது. பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், தண்ணீர் குவெஞ்சுக்கு அனுப்பினேன். குவெஞ்ச் முடிந்து தட்டில் வரிசையாக ஆறிக்கொண்டு கிடந்தன. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "டிக்" என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி "டிக்". பிறகு அடுத்தடுத்து இரண்டு. தட்டில் கிடந்த ஷாஃப்ட் ஒவ்வொன்றாக நீளவாக்கில் வாய் பிளந்துகொண்டிருந்தது.

கிரைண்டிங் அண்ணா வந்தார். ஒன்றை எடுத்துச் சக்கரத்தில் வைத்தார். "மேடம், பொறியைப் பாருங்க. இதுல பூ பூவா வெடிக்குது பாருங்க, இது ஈ.என். 8. இந்தா, இது பூ கம்மி, நிறம் கொஞ்சம் சிவப்பு. இது வேற ரகமுங்க." ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டோம். ஈ.என். 24. இரண்டிலும் கார்பன் ஒன்றுதான், சுமார் 0.4 சதம். ஆனால் இதில் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் உண்டு. எண்ணெயில் மெதுவாகக் குளிர வேண்டிய ஜாதி. அதைத் தண்ணீரில் முக்கினால் உள்வரைக்கும் இறுகி, தன் இறுக்கம் தாங்காமல் தானே வெடிக்கும். கம்பி அறுக்கிற இடத்தில் இரண்டு கட்டும் கலந்துவிட்டிருக்கிறது. டி.சி. பொய் சொல்லவில்லை, அது வேறு கட்டுக்கு உரிய டி.சி. கையெழுத்து மட்டும் என்னுடையது.

அன்றைக்கு முதலாளி திட்டியது இப்போது மறந்துவிட்டது. அந்தக் கிரைண்டிங் அண்ணா திட்டாமல் ஒரு பார்வை பார்த்தார் பார், அது மறக்கவில்லை.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கங்கள்:

• கம்பியின் ஒரு முனையில் ரகத்துக்கு ஒரு பெயின்ட் அடித்திருக்கும். பெயின்ட் இல்லாத முனையிலிருந்து அறுக்கச் சொல். பெயின்ட் முனை கடைசி வரை மிஞ்ச வேண்டும். முதல் வெட்டிலேயே அதை அறுத்துத் தள்ளிவிட்டால், மிச்சக் கம்பி அநாதை.

• டி.சி.யில் இருக்கிற ஹீட் நம்பரும் பொருளில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்றா என்று உன் கண்ணால் பார். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே.

• புது லாட் என்றால் ஐந்து பீஸ் எடுத்துப் பொறி பார்க்கச் சொல். பத்து நிமிஷம்கூட ஆகாது. நீயும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்.

• குவெஞ்ச் ஆன ஸ்டீலைத் தட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே. கை தாங்குகிற சூட்டுக்கு வந்ததும் டெம்பரிங்குக்குள் தள்ளு. "நாளைக்கு ஃபர்னஸ் ஃப்ரீ ஆனதும் பார்த்துக்கலாம்" என்றால், ராத்திரி பூரா டிக் டிக்தான்.

15. ஹார்ட்னஸ் மெஷினை நம்பு, கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. காலையில் முதல் வேலை, ஸ்டாண்டர்டு பிளாக்கில் வைத்துப் பார். அன்வில் அல்லது இன்டென்டர் மாற்றினால் முதல் ரீடிங்கைக் கணக்கில் சேர்க்காதே, அது உட்காருவதற்குத்தான். மேலே இருக்கும் கறுப்புத் தோலைத் தேய்த்து எடுக்காமல் அடித்தால் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஹார்டனிங்குக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரத்தில் அடிக்காதே, ஒரு குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழியும் அடிக்காதே. ராக்வெல் சி ஸ்கேலில் 20-க்குக் கீழே காட்டினால் அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதாதே, பி ஸ்கேலுக்குப் போ. முக்கியமாக, ஒரு ரீடிங் 54 வர வேண்டிய இடத்தில் 51 வந்தால் 51 என்றே எழுது. "மூணு பாயின்ட்தானே, ரவுண்ட் பண்ணிக்கோம்மா" என்று யாராவது சொன்னால் அவர்களையே எழுதி கையெழுத்துப் போடச் சொல். பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

16. உடைந்த பாகம் கைக்கு வந்தால். இரண்டு துண்டு கிடைத்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், உடைந்த வளையலை ஒட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தொடாதே! அந்த உடைந்த முகத்தில்தான் விஷயமே இருக்கிறது. களைப்பினால் (ஃபட்டீக்) உடைந்ததென்றால் அலை வந்து போன கடற்கரை மாதிரி வரி வரியாக இருக்கும், எங்கே தொடங்கியது என்று வரி சொல்லும். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் அது போச்சு. துடைக்காதே, உப்புத்தாள் போடாதே, விரல் வைக்காதே. முதலில் போட்டோ. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று குறி. ஈரம் படாமல் கவரில் போடு. பிறகுதான் கேள்வி: எத்தனை நாள் ஓடியது, யார் கழற்றினார்கள், வெல்டிங் எப்போது வைத்தார்கள்? கடைசிக் கேள்விக்கு "வைக்கவே இல்லைங்க" என்றுதான் முதலில் பதில் வரும். சும்மா இரு. கொஞ்ச நேரத்தில் உண்மை வரும்.

17. 12.9 கிரேடு போல்ட்டை ஜிங்க் பிளேட்டிங்குக்கு அனுப்பினால், பேக்கிங் (அடுப்பில் சூடேற்றுவது, பொட்டலம் கட்டுவது இல்லை) பண்ணினார்களா என்று கேள். பிளேட்டிங் தொட்டியில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். நான்கு மணி நேரத்துக்குள் 200 டிகிரி சுமாரில் போட்டு அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக டைட் பண்ணிய போல்ட் மறுநாள் யாரும் தொடாமலே தலை தெறித்துக் கிடக்கும். "போல்ட் குவாலிட்டி சரியில்லை" என்று சப்ளையரைத் திட்டும் முன் பிளேட்டிங்காரரைக் கேள்.

எந்தப் பக்கம் போவது?

18. முதல் இரண்டு வருஷம் ஷாப் ஃப்ளோரை விடாதே. ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஐ.டி.யில் சேர்ந்த தோழி வாட்ஸப்பில் போடும் போட்டோவைப் பார்த்து மனசு அலையும். ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி தாவினால் நான்கு இடத்தின் வாசல்தான் தெரியும், ஒரு இடத்தின் அடுப்பும் தெரியாது.

19. அதற்குப் பிறகு பிடித்த கிளையைப் பிடி. வெல்டிங் ஆசையென்றால் திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே நடக்கும் பயிற்சிகளைப் பார்த்து வை. துரு, அரிப்பு பற்றி ஆராய காரைக்குடி சிக்ரி. அணு உலை உலோகம் என்றால் கல்பாக்கம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு நம் துறையிலும் ஆள் எடுப்பார்கள். விமானம், ஏவுகணைக்கான உலோகம் என்றால் ஹைதராபாத், அங்கே டி.எம்.ஆர்.எல்.லும் மிதானியும் இருக்கின்றன. ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகம். ஸ்டெயின்லெஸ் பார்க்க வேண்டுமென்றால் வெகு தூரம் போகாதே, சேலம் உருக்காலை நம்முடையதுதான்.

20. பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் என்.டி.டி. கோர்ஸின் விளம்பரத்தைப் பார்த்து மயங்காதே. "ஐந்து மெத்தட், லெவல் டூ, ஒரே வாரம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். லெவல் டூவுக்குப் படிப்பு மட்டும் போதாது, அந்த மெத்தடில் இத்தனை மணி நேரம் கையால் வேலை செய்த கணக்கு வேண்டும். கணக்கில்லாத சர்டிஃபிகேட்டைத் தெரிந்த கம்பெனி கையில்கூட வாங்காது. முதலில் பெனட்ரன்ட், மேக்னடிக் பார்ட்டிக்கிள். பிறகு அல்ட்ராசானிக், அதுதான் சோறு போடும். ரேடியோகிராஃபி என்றால் கதிர்வீச்சு விஷயம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்றுக்கொண்ட பயிற்சியா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டு.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக

21. "இது ஆம்பளைங்க வேலையாச்சே" என்பார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலையில் துருத்தி ஊதியது யாரென்று எந்தப் பானை ஓட்டில் எழுதியிருக்கிறது? விடு.

22. தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்கள் இரவு ஷிஃப்ட் பார்க்கக் கூடாது என்று இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் ரத்து செய்தது, போக்குவரத்தும் பாதுகாப்பும் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் "சட்டப்படி உங்களை எடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால் அது சாக்கு. ஆனால் நீயும் வேலையில் சேரும் முன் மூன்று விஷயம் வாய்விட்டுக் கேள்: ராத்திரி வண்டி உண்டா, கழிப்பறை ஷாப் பக்கத்திலா அல்லது ஆபீஸ் பில்டிங்கிலா, ஷிஃப்ட்டில் இன்னொரு பெண் உண்டா? இரண்டாவதைக் கேட்க வெட்கப்பட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஃபர்னஸ் பக்கம் நின்று, மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தவள் நான். வெட்கம் வேண்டாம்.

23. "கல்யாணம் எப்போ?" என்று இன்டர்வியூவில் கேட்டால் முறைக்காதே, கதையும் சொல்லாதே. "ஷிஃப்ட் எத்தனை மணிக்கு சார்?" என்று திருப்பிக் கேள்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியது

• பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ். முதல் சம்பளத்தில் இதை வாங்கு, சுடிதார் அடுத்த மாதம்.

• கட்டம் போட்ட நோட்டு, பென்சில். ஒவ்வொரு ரிஜக்ஷனுக்கும் அரைப் பக்கம்: என்ன பொருள், என்ன கோளாறு, யார் கண்டுபிடித்தது. போனில் எழுதாதே, ஷாப்பில் கையுறையோடு போனைத் தேய்த்துக்கொண்டு நிற்க முடியாது.

• பஞ்சு காது அடைப்பான் இரண்டு ஜோடி. வார்ப்பைத் தட்டித் தேய்க்கும் ஃபெட்லிங் பக்கம் போனால் ஒன்று தொலையும்.

• ஒரு சின்ன காந்தம். 304 ஸ்டெயின்லெஸில் ஒட்டாது, சாதா ஸ்டீலில் ஒட்டும். ஆனால் இதை வைத்தே தீர்ப்பு எழுதிவிடாதே. 304-ஐ வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும், வீட்டில் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் வைத்துப் பார், தெரியும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அதையே 304 என்று தலையில் கட்டுவார்கள். காந்தம் ஒட்டினால் சந்தேகப்படு, ஒட்டாவிட்டால் ஸ்பெக்ட்ரோவுக்கு அனுப்பு. இன்னொன்று, அந்தக் காந்தத்தைப் பர்ஸில் ஏ.டி.எம். கார்டோடு சேர்த்துப் போட்டுவிடாதே. எனக்கு இரண்டு கார்டு போச்சு. பேங்க்காரர் முறைத்த முறைப்பில் மூன்றாவதை டிபன் பாக்ஸ் பைக்கு மாற்றிவிட்டேன்.